பச்சை டேப்

ஹம்சாவுக்கு மருந்துக் கம்பெனியில் லேபிள் பார்க்கிற வேலை. மாத்திரை டப்பாவில் ஒட்டுகிற சீட்டில் மில்லிகிராம் சரியா, தேதி சரியா, எழுத்து சரியா என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே ஒரு படிவத்தில் எழுதிவிட வேண்டும். என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, யார் யார் கைக்குப் போயிருக்கும், இப்போது என்ன செய்வது. யார் மேல் குற்றம் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இந்தக் கண்ணோடுதான் அவள் மளிகைக் கடைக்கும் போவாள். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட், உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டுக் கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வைப்பாள். "இவளோட கடைக்கு வந்தா கையில சாப்பாடு கட்டிண்டு வரணும்" என்பார் கணவர் ராமசுப்ரமணியன். ஆனால் அமெரிக்காவில் அவர்கள் குடியிருக்கிற மான்மவுத் ஜங்ஷனில் இந்தியர்களில் பாதிப் பேர் கடையில் நின்றுகொண்டு அவளுக்குத்தான் போன் செய்வார்கள். "ஹம்சா, இந்த யோகர்ட் ஓகேவா?" அவள் ஓகே என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

மகள் அஞ்சனா பதினொன்றாம் வகுப்பு. பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் மதியம் ஃபுட்பால் மேட்ச். ஆடுகிற பிள்ளைகளில் இந்தியர் ஒன்றிரண்டுதான் இருப்பார்கள். இடைவேளையில் மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கிற பேண்டில் பாதிக்கு மேல் இந்தியப் பிள்ளைகள். வாசித்து முடித்ததும், ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதான மூன்றாம் குவார்ட்டர் முழுக்க அவர்களுக்கு ஓய்வு. கனத்த யூனிஃபார்மும் வியர்வையுமாக அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வந்து நிற்கிற இடம் மைதானத்து ஓரத்தில் உள்ள சிமெண்ட் ஷெட். பேண்ட் பெற்றோர்கள் முறை வைத்து நடத்துகிற தின்பண்ட ஸ்டாண்ட்.

அங்கே ராஜா ஹாட் டாக்தான். இரும்பு உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும்; அவற்றின் மேல் இறைச்சி சாஸேஜ்கள் எண்ணெய் மினுமினுக்கப் புரண்டுகொண்டே இருக்கும். ஆவியில் மெத்தென்றாக்கிய பன், கெட்சப், மஸ்டர்ட் என்கிற மஞ்சள் கடுகு விழுது, நறுக்கிய வெங்காயம். டோனா என்கிற அமெரிக்கப் பெண்மணி பதினான்கு வருஷமாக இந்த ஸ்டாண்டைக் கவனித்துக்கொள்கிறாள். அவளுடைய பிள்ளைகள் படித்து முடித்துப் போயே ஆறு வருஷம் ஆகிறது. ஹாட் டாக் இல்லாத ஃபுட்பால் மேட்சை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. கெட்சப் சின்னக் குழந்தைகளுக்கு, விவரம் தெரிந்தவர்களுக்கு மஸ்டர்டுதான் என்பாள்; பெரியவர்கள் யாராவது கெட்சப் ஊற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சைவப் பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் முறுக்கு மாதிரி வளைத்துச் சுட்ட உப்பு ரொட்டியான ப்ரெட்ஸலை விட்டால் வேறு கதியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஹம்சா வீட்டிலிருந்து ஒரு மின்சாரப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். சோயாவில் செய்த வெஜ் சாஸேஜ்களை அதில் வெந்நீரில் போட்டு வைத்தாள். பாத்திரத்தைச் சுற்றிப் பச்சை டேப் ஒட்டினாள். இடுக்கியிலும் பச்சை டேப். ஸ்டாண்டின் ஃப்ரீசரில் வைக்கிற பிளாஸ்டிக் பையிலும் பச்சை டேப். ஊரிலிருந்து வருகிற பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது மாதிரி. டோனா ஒருமுறை "அழகான நிறம்" என்றாள். ஹம்சா சிரித்தாள். பச்சை என்றால் சைவம். அதை ஒருவருக்கு விளக்கவேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு வழக்கமும் தானாக வந்து சேர்ந்தது. பன்னில் வைத்த முதல் ஹாட் டாக்கை ஹம்சா சாப்பிடுவாள். "ஆண்டி சாப்பிட்டாச்சா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஆச்சு, வாங்கோ" என்பாள். வீட்டில் அம்மாக்களும் அதையே சொல்லி அனுப்பினார்கள். ஹம்சா ஆண்டி இருந்தா சாப்பிடு, இல்லேன்னா ப்ரெட்ஸல் வாங்கிக்கோ.

அவளோடு ஷிஃப்டில் நிற்கிறவர்களில் அல்போன்சாவைத்தான் ஹம்சாவுக்குப் பிடிக்கும். தூத்துக்குடிக்காரி, பல் டாக்டரிடம் வேலை. அவள் மகள் ஆன்லின் டிரம்ஸ். போலந்துக் கடையிலிருந்து புகை போட்ட சாஸேஜ் வாங்கிவந்து மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுக்கிற வீடு. வெஜ் ஹாட் டாக்கைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு வரும்.

"அக்கா, இத தரையில அடிச்சா துள்ளும்லா."

"துள்ளினா துள்ளிட்டுப் போறது. கத்தலையே."

"அப்படிப் போடுங்க!"

அந்தச் சனிக்கிழமை புரட்டாசியின் இரண்டாம் சனி. வழக்கமாகச் சைவப் பாத்திரத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான் வரும். புரட்டாசி என்பதால் மற்ற நாளில் சிக்கன் சாப்பிடுகிற பிள்ளைகளும் சேர்ந்து அன்று பதினான்கு பேர். வசந்தாமணியின் மகள் அதிதியும் அதில் ஒருத்தி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். ஜூலையில் வசந்தாமணியின் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் பிழைத்து வந்தால் புரட்டாசி முழுக்க வீட்டில் கறி மீன் முட்டை எதுவும் கிடையாது என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஹம்சா ஃப்ரீசரைத் திறந்தாள். பச்சை டேப் ஒட்டிய பை முன்னாலேயே இருந்தது. பிரித்து வெந்நீரில் போட்டாள். வெந்ததும் நிறம் கொஞ்சம் கருத்த மாதிரி இருந்தது. புது லாட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். முதல் ஒன்றைக் கடித்தாள்.

"இந்தத் தடவை நன்னா இருக்கே" என்று வாய்விட்டே சொன்னாள். "உப்பும் காரமுமா, மெத்துன்னு."

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாக அஞ்சனா. வரிசையை விட்டு நகராமலே ஒரு கடி கடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"என்னடி?"

"நத்திங்." போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் அதிதி.

அல்போன்சா கடைசிக் குவார்ட்டருக்குத்தான் வந்தாள். ஸ்டாண்டை மூடுகிற ஷிஃப்ட் அவளுடையது. கூட்டம் கலைந்திருந்தது. மதியம் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டே பச்சைப் பாத்திரத்தைத் திறந்து கடைசியாகக் கிடந்ததை எடுத்தாள்.

"வேற ஒண்ணுமில்லன்னா உங்க இரப்பரத்தான் திங்கணும்."

கடித்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது.

"அக்கா, இது எங்க வாங்குனிய?"

"ஏன், இது துள்ளலையா?"

அல்போன்சா சிரிக்கவில்லை. கையிலிருந்ததைப் பிட்டு உள்ளே பார்த்தாள். மோந்து பார்த்தாள். "அக்கா, இது பீஃபு."

"விளையாடாதே."

"மாதா மேல சத்தியமா. எனக்குத் தெரியாதா இந்த ருசி?"

ஹம்சா ஃப்ரீசரைத் திறந்து கையைவிட்டுத் துழாவினாள். பனிக்கட்டிப் பைகளுக்குப் பின்னால் அவளுடைய பை இருந்தது. போன வாரம் அவளே ஒட்டிய பச்சை டேப், பிரிக்காமல்.

ஷெட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்து தொண்டையில் விரலை விட்டாள். ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வயிறு நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு முட்டை கலந்த கேக்கைக்கூடத் தெரிந்து தொட்டதில்லை. லேபிள் பார்த்தே காலம் தள்ளியவள், நாக்கில் வைத்தும் தெரிந்துகொள்ளவில்லை. எப்படித் தெரியும்? தெரியாது என்பதால்தானே இத்தனை பேரும் அவளை நம்பினார்கள்.

டோனாவிடம் கேட்டபோது அவள் கண்களை அகல விரித்தாள். போன வாரம் மிஞ்சிய பீஃப் சாஸேஜ்களைப் பையில் போட்டவள் அவள்தான். இழுப்பறையில் கிடந்த டேப்பை எடுத்து ஒட்டியிருக்கிறாள். பச்சை என்றால் ஸ்டாண்டின் சாமான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம். ஹம்சாவின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ரொம்ப நல்ல பிராண்ட் ஹனி, முழுக்க முழுக்க பீஃப். கலப்படமே கிடையாது" என்றாள்.

கார் வரைக்கும் அல்போன்சா கூடவே வந்தாள்.

"என்ன செய்யப் போறிய?"

"தெரியல."

"சொல்லுங்க, சொல்லாம விடுங்க, அது உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் கேக்குதேன். நான் வாரதுக்குள்ள எல்லாரும் தின்னாச்சு. அத மட்டும் மறந்துராதிய." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "பீஃப்னு வந்தா எங்க முகத்தத்தான் மொதல்ல பாப்பாவ."

வீட்டில் ராமசுப்ரமணியன் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறு மணி. அவள் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"சரி. தெரியாம நடந்தது. தலைக்கு ஜலம் விட்டுண்டு ஸ்வாமிக்கு விளக்கேத்து. விடு."

"பதினாலு குழந்தைகள்."

"அதனால? பதினாலு ஆத்துக்கும் போன் பண்ணி உங்க குழந்தை மாட்டுக்கறி சாப்ட்டுதுன்னு சொல்லப் போறியா?"

"ஆமா."

"சொன்னா வயித்துலேர்ந்து வெளியில வந்துடுமா? யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் ஆகல. யாருக்கும் தெரியாது. அந்த வசந்தாமணியை நினைச்சுப் பாரு. வேண்டுதல் கெட்டுப் போச்சேன்னு ராத்திரி பகலா புருஷன் மூச்சு விடறாரான்னு பாத்துண்டு ஒக்காந்திருப்பா. உன் மனசு லேசாகணும்னு அவ தலையில கல்லைத் தூக்கிப் போடப் போறே."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை, ஹம்சாவுக்கே தெரியும். சொன்னால் நாளையிலிருந்து யாரும் கடையில் நின்று அவளுக்கு போன் செய்யமாட்டார்கள். ஹம்சாவா, அவளே சாப்பிட்டாளாமே என்பார்கள். இந்த ஊரில் அவள் சம்பாதித்த பெயர் அந்த ஒன்றுதான்.

மாடிப்படியில் அஞ்சனா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அம்மா. ஐ நியூ."

"என்ன தெரியும்?"

"அது பீஃப்னு. ஃபர்ஸ்ட் பைட்லயே."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்.

"சிக்ஸ்த் கிரேட்லேர்ந்து" என்றாள் அஞ்சனா, கேட்காமலே. "ஸ்லீப்ஓவர், பர்த்டே பார்ட்டி. ஸம்டைம்ஸ். ஐம் ஸாரி."

"அங்கேயே சொல்லியிருக்கலாமேடி. அப்போ மூணு பேர்தான் சாப்ட்டிருந்தேள். அதிதி உன் பின்னாலதானே நின்னா!"

"சொன்னா, ஹௌ டு யூ நோன்னு எல்லார் முன்னாடியும் நீ கேட்டிருப்பே." குரல் உடைந்தது. "ஐ வாஸ் ஸ்கேர்ட். ஐ ஜஸ்ட் வாக்ட் அவே."

ஹம்சாவுக்குக் கையை ஓங்கத்தான் தோன்றியது. ஓங்கவில்லை. அந்தப் பெண் இன்று மதியம் செய்ததைத்தான் இந்த மனுஷர் இப்போது ஹம்சாவைச் செய்யச் சொல்கிறார், கிழவியாகும் வரைக்கும். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு அடிபிடிக்கிற வாசனை வந்ததும் அடுப்பை அணைத்தார். சொல்லாதே என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹம்சா வசந்தாமணி வீட்டுக் கதவைத் தட்டினாள். இதை மட்டும் நேரில்தான் சொல்லவேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

"வாங்க ஹம்சா, வாங்க. என்ன இந்நேரத்துல? உக்காருங்க, தோசை ஊத்தட்டுங்களா?" கல் சூடாகிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அவள் கணவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

ஹம்சா நின்றுகொண்டே சொன்னாள். ஆபீஸ் படிவத்தில் எழுதுகிற மாதிரி, முதலில் இது, பிறகு இது என்று. அப்படிச் சொன்னால்தான் அவளால் சொல்ல முடிந்தது.

வசந்தாமணி கல்லின் கீழ் அடுப்பை அணைத்தாள். அடுத்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பீஃபுங்களா?"

"ஆமா."

"சனிக்கிழமையும் அதுவுமாங்க." உட்கார்ந்தாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "அந்த அல்போன்சா நேத்து இருந்தாங்களாங்க?"

ஹம்சா தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க. அவங்களுக்கு இதெல்லாம் ஒரு கணக்கே கிடையாது. இடுக்கிய மாத்திப் போட்டிருப்பாங்க, பைய மாத்தி வெச்சிருப்பாங்க. நீங்க சூதுவாது தெரியாதவங்க. உங்க மேல என்னங்க தப்பு?"

தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. ஹம்சா ஒன்றும் சொல்லவே வேண்டாம். சும்மா ஒரு பெருமூச்சு விட்டால் போதும். மீதியை வசந்தாமணியே போனில் பார்த்துக்கொள்வாள். அல்போன்சா நேற்றுக் கார் பக்கத்தில் நின்று கேட்டது இதைத்தான்.

"அவ வரும்போது எல்லாரும் சாப்ட்டு முடிச்சாச்சு" என்றாள் ஹம்சா. "கண்டுபிடிச்சதே அவதான். அவ சொல்லலேன்னா அடுத்த வாரமும் அதையே போட்டுக் குடுத்திருப்பேன். பையை எடுத்தது நான். நிறம் வேறயா இருந்தது, பாத்தேன், பாத்துட்டும் விட்டேன். டோனாகிட்ட பச்சைன்னா என்னன்னு மூணு வருஷமா சொல்லாம இருந்தது நான். முதல்ல சாப்ட்டதும் நான். நன்னா இருக்குன்னு சொல்லி உங்க பொண்ணு கையில குடுத்தேன்."

வசந்தாமணி, கணவர் இருந்த அறையின் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"நீங்க இருக்கீங்கன்னுதானுங்க அவ கையில டப்பா குடுத்துவிடல."

"தெரியும்."

"சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேனுங்க, ஹம்சா."

ஹம்சா கிளம்பினாள். வாசல்வரை வசந்தாமணி வந்தாள், அது பழக்கம். ஆனால் போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

மற்றப் பதின்மூன்றில் ஒன்று ஹம்சாவின் வீடு. மீதிப் பன்னிரண்டு வீடுகளுக்கும் காரில் உட்கார்ந்தே பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினாள். என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, யார் யார் சாப்பிட்டது, இனிமேல் என்ன ஏற்பாடு. படித்துப் பார்த்து, 'முதலில் சாப்பிட்டவள் நான்' என்று ஒரு வரி சேர்த்தாள். அனுப்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஒருத்தி என்ன பிராண்ட் என்று கேட்டாள். மூன்று பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள். 'இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரிகிறதா' என்று ஒரு அப்பா ஆங்கிலத்தில் இரண்டு பத்தி எழுதினார். சாயங்காலம் தனித்தனியாக இரண்டு அம்மாக்கள் ரகசியமாகச் செய்தி அனுப்பினார்கள். எங்க பையன் வெளியில சாப்பிடறதுதான், கவலைப்படாதீங்க, வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

அந்த வாரம் முழுக்கக் கடையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. புதன்கிழமை போன் அடித்தபோது ஓடிப்போய் எடுத்தாள். கார் வாரண்டி விற்கிறவன்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு ஷிஃப்ட் இருந்தது. "வேணும்னா நான் போறேன்" என்றார் ராமசுப்ரமணியன். அவளே போனாள். டோனா எல்லாப் பைகளிலும் கறுப்பு மார்க்கரால் கொட்டை கொட்டையாக எழுதி வைத்திருந்தாள். இழுப்பறையில் டேப் எதுவும் இல்லை. ஹம்சா புது பாக்கெட்டைக் கடை உறையோடு கொண்டுவந்து, வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி கவுண்டரில் நிறுத்தி வைத்தாள். அல்போன்சா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு முன்னாலேயே வந்திருந்தாள்.

மூன்றாம் குவார்ட்டரில் பிள்ளைகள் வந்தார்கள். பச்சைப் பாத்திரத்தின் பக்கம் யாரும் வரவில்லை. கைகளில் ஃபாயில் சுற்றிய புளியோதரை, எலுமிச்சை சாதம். ஆண்டி சாப்பிட்டாச்சா என்று யாரும் கேட்கவில்லை. அதிதி தண்ணீர் பாட்டில் வாங்க வந்தாள். அல்போன்சாவிடம் வாங்கிக்கொண்டு, ஹம்சா பக்கம் பாதி திரும்பி, திரும்பாமல் போனாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்கக்கா" என்றாள் அல்போன்சா. "துள்ளுதான்னு பாப்போம்."

ஹம்சா எடுத்துக் கொடுத்தாள். அல்போன்சா பொறுமையாக மென்றாள். "இதேதான். சந்தேகமே இல்ல. அதே இரப்பர்." ஹம்சாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, முழுதாக வரவில்லை.

உருளைகளுக்கு முன்னால் இருந்த நீள வரிசையில் அஞ்சனா நின்றிருந்தாள். அவள் முறை வந்தபோது டோனா பன் எடுக்க உள்ளே போயிருந்தாள். அவள் இடத்தில் கவுண்டரில் அம்மா.

அஞ்சனா மேலே மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "உம்... ப்ரெட்ஸல்."

"ப்ரெட்ஸல் அந்த வரிசை."

அஞ்சனா அங்கேயே நின்றாள்.

"பின்னால ஆள் நிக்கறா" என்றாள் ஹம்சா. "என்ன வேணுமோ வாயைத் திறந்து சொல்லு."

"ஹாட் டாக்." கேட்டும் கேட்காமலும் இருந்தது.

ஹம்சா டேப் ஒட்டாத இடுக்கியை எடுத்தாள். இதுவரை அந்த இடுக்கியை அவள் தொட்டதில்லை. உருளையிலிருந்து ஒன்றை எடுத்தாள். அது நழுவியது, மறுபடி பிடித்து பன்னில் வைத்தாள்.

"கெட்சப்பா, மஸ்டர்டா?"

"மஸ்டர்ட்."

வீட்டில் மஸ்டர்ட் பாட்டிலைக் கண்டாலே தள்ளி வைக்கிற பெண். ஹம்சா ஒரு கணம் மகளைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பாட்டிலைக் கவிழ்த்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு போட்டாள்.